கிரியேட்டினின் 1.5, வயது 31. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பனித்துளி:

வணக்கம். இவ்வளவு நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். வயது 31. ஐந்து வருடத்துக்கு முன் பயாப்சி செய்து ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, அதாவது ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் கிட்னியின் வடிகட்டிகளில் படிந்து அவற்றைக் கெடுக்கும் நோய் என்று சொன்னார்கள். இப்போது கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு, கிட்னி தளர்ந்தால் ஏறும்) 1.5, இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி வடிகட்டும் வேகம்) 47, அதாவது ஐந்து நிலைகளில் 3ஏ நிலை. 24 மணி நேரச் சிறுநீரில் புரோட்டீன் 900 மில்லிகிராம் போகிறது. பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 40 எடுக்கிறேன், வீட்டில் அளந்தால் 128/80 பக்கம் நிற்கிறது. இரண்டு வருடமாக கிரியேட்டினின் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

எனக்கும் கணவருக்கும் குழந்தை வேண்டும் என்ற ஆசை நிறையவே இருக்கிறது. முதலில் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே "அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள், கிட்னி போய்விடும்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். அப்புறம் பார்த்த நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி நிபுணர்) "முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாத்திரையை மாற்றி, சில மாதம் பார்த்துவிட்டுத்தான் முயற்சி செய்ய வேண்டும், குறைமாதத்தில் பிறக்க வாய்ப்பு அதிகம்" என்கிறார். இருவரும் படித்தவர்கள்தான், யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

என் நிலையில் இருந்து பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதற்குப் பிறகு உங்கள் கிட்னி என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்குத் தைரியம் சொல்ல வேண்டாம், தகவல்தான் வேண்டும்.

முல்லை:

பனித்துளி, உங்கள் ரிப்போர்ட்டும் என்னுடைய பழைய ரிப்போர்ட்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. எனக்கும் ஐ.ஜி.ஏ. தான். கருத்தரிப்பதற்கு முன் கிரியேட்டினின் 1.4, புரோட்டீன் 1.1 கிராம். என் மகளுக்கு இப்போது நான்கு வயது, நன்றாக இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது பயந்துவிடக் கூடாது.

எனக்கும் டெல்மிசார்ட்டான்தான் போய்க்கொண்டிருந்தது. முயற்சி செய்வதற்கு மூன்று மாதம் முன்பே அதை நிறுத்தி வேறு பிரஷர் மாத்திரைகளான லேபட்டலாலும் நிஃபெடிபினும் கொடுத்தார்கள். அந்த வகை மாத்திரை வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கிட்னியையே பாதிக்கும், பனிக்குடநீர் வற்றிவிடும் என்று விளக்கினார்கள். நிறுத்தியதும் புரோட்டீன் 1.1லிருந்து 1.6க்கு ஏறியது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. இத்தனை நாள் அந்த மாத்திரை பிடித்துவைத்திருந்ததுதான் வெளியே வருகிறது, இது எதிர்பார்த்ததுதான் என்று டாக்டர் சொன்ன பிறகே மனம் அடங்கியது. உங்களுக்கும் ஏறலாம், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உண்டானது தெரிந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் காட்டினேன். அங்கே கிரியேட்டினின் 1.2 வந்தது. "பாருங்கள், குறைந்திருக்கிறது, நார்மலுக்கு வந்துவிட்டது, ஒன்றும் பயமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் சந்தோஷமாக நெஃப்ராலஜிஸ்ட்டைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டேன். 15வது வாரம் அவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி "ஆஸ்பிரின் ஆரம்பித்தாயிற்றா?" பிரீஎக்லாம்ப்சியா என்ற ஆபத்தான கர்ப்பகாலப் பிரஷர் கோளாறைத் தடுக்கக் கொடுப்பது அது. யாரும் ஆரம்பிக்கவில்லை. 12வது வாரமே தொடங்கியிருக்க வேண்டியது, 16 தாண்டினால் அவ்வளவு பலன் கிடைக்காது என்றார், அன்று ராத்திரியே ஆரம்பித்தேன். இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். தயவுசெய்து நீங்கள் இந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

20வது வாரம் வரை நன்றாகவே போனது. 28ல் கிரியேட்டினின் 1.5, புரோட்டீன் 3 கிராம், ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் இறங்கி கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டன. புரோட்டீன் அவ்வளவு போனால் ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது என்று தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் போட்டேன். 32வது வாரம் அட்மிட் ஆனேன். 34 வாரம் ஒரு நாளில் பிரஷர் 160ஐத் தாண்டி மூன்று மருந்துக்கும் அடங்காததால் சிசேரியன். 1.8 கிலோ. 16 நாள் என்.ஐ.சி.யூ. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு). கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது இருக்கிறதே, அதைப் பற்றி எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்தின்போது 1.9. ஒரு வருடம் கழித்து 1.7. இப்போது 2.0. முன்பு இருந்த 1.4 திரும்பி வரவில்லை, இனி வரவும் வராது. பிள்ளை பெறாமல் இருந்திருந்தாலும் மெதுவாக இந்த இடத்துக்கு வந்திருப்பேன், கொஞ்சம் முன்னதாக வந்திருக்கிறேன் என்கிறார் டாக்டர். அது எத்தனை வருடம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டால் மறுபடியும் இதையே செய்வேன். ஆனால் அது என் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

இரவுப்பணி:

நெஃப்ராலஜி வார்டில் 14 வருடமாக செவிலியராக இருக்கிறேன். முல்லைக்கு நடந்த அந்த "1.2 நார்மல்" சமாச்சாரத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, அதனால் அதையே முதலில் விளக்குகிறேன்.

கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே கிட்னிக்குப் போகும் ரத்தம் கூடி, வடிகட்டும் வேகம் சுமார் 50 சதவீதம் அதிகமாகிவிடும். அதனால் நல்ல கிட்னி உள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் கிரியேட்டினின் 0.4லிருந்து 0.8க்குள் இறங்கி நிற்கும். லேப் தாளில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு கர்ப்பமாக இல்லாதவர்களுக்கானது. கர்ப்பிணிக்கு 1.0 வந்தாலே ஏன் என்று கேட்க வேண்டும். 1.2 என்பது கிட்னி கூடுதல் சுமையை ஓரளவு தூக்குகிறது என்பதற்கு அடையாளம், அந்த வகையில் நல்ல செய்திதான், ஆனால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இன்னொன்று, இ.ஜி.எஃப்.ஆர். கணக்குப் போடும் சூத்திரம் கர்ப்ப காலத்தில் பொருந்தாது. தாளில் அந்த எண் இருந்தாலும் அதைப் பார்த்து சந்தோஷமும் வேண்டாம், கவலையும் வேண்டாம், கிரியேட்டினினை மட்டும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

பனித்துளி, இரண்டு டாக்டர்களில் யார் சரி என்றால், இரண்டாமவர் சொன்னதுதான் இன்றைய நடைமுறை. முதலாமவர் சொன்னது பழைய காலத்துப் பதில். அந்தக் காலத்தில் கிரியேட்டினின் 1.4ஐத் தாண்டினால் கர்ப்பமே வேண்டாம் என்று கோடு போட்டுவிடுவார்கள். இப்போது கிரியேட்டினின், சிறுநீரில் போகும் புரோட்டீன், பிரஷர், நோய் அடங்கியிருக்கிறதா என்ற நான்கையும் சேர்த்து வைத்துத்தான் எடை போடுகிறார்கள். கிட்னியின் வேலைத்திறன் (இ.ஜி.எஃப்.ஆர்.) 40க்குக் கீழே போய், அதோடு புரோட்டீனும் ஒரு கிராமுக்கு மேலே இருந்தால் கர்ப்பத்துக்குப் பிறகு கிட்னி வேகமாக இறங்குகிறது என்று இத்தாலியில் 2007ல் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் எண்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கின்றன, ஆனால் ரொம்பத் தூரத்தில் இல்லை.

குறைமாதம் பற்றிச் சொன்னதும் மிரட்டல் இல்லை. அதே இத்தாலியில் நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள பெண்களின் 504 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2015ல் வெளியிட்டார்கள். முதல் நிலையில் இருந்தவர்களிலேயே கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு 37 வாரத்துக்கு முன்பே பிரசவம், மூன்றாம் நிலையில் முக்கால்வாசிப் பேருக்கும் மேலே. அதனால் "எனக்குக் குறைமாதம் ஆகுமோ" என்று யோசிப்பதை விட்டுவிட்டு, ஆகும் என்றே வைத்துக்கொண்டு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு நன்றாக இருக்கும் மருத்துவமனையில் ஆரம்பத்திலிருந்தே பதிவு செய்யுங்கள். 30வது வாரத்தில் ஆம்புலன்ஸில் இடம் தேடி அலையும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

மருந்துகள் பற்றி. லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா மூன்றும் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடியவை. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகை கருத்தரிக்கும் முன்பே நிற்க வேண்டும். எனாலப்ரில் போன்ற ஏ.சி.இ. வகைப் பிரஷர் மாத்திரைகளை மட்டும், புரோட்டீன் அதிகம் போகிறவர்களுக்கு, நாள் தள்ளிப்போனது உறுதியாகும் வரை தொடர்ந்துவிட்டு அன்றே நிறுத்தச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள், அதற்கு மாதாமாதம் தவறாமல் பரிசோதித்துப் பார்க்கும் ஒழுங்கு வேண்டும். கிட்னிக்காகக் கொடுக்கும் டாப்பாக்லிஃப்ளோசின் போன்ற புது மாத்திரைகளும் நிற்க வேண்டும், கொழுப்பு மாத்திரை போட்டால் அதையும் கேளுங்கள். இவற்றில் எதையும் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து கையில் வந்த பிறகுதான்.

வானம்:

எழுதலாமா வேண்டாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். கேட்டவர் மறைக்காமல் சொல்லச் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு கிரியேட்டினின் 2.6, புரோட்டீன் 2.5 கிராம் இருந்தபோது எதிர்பாராமல் உண்டானது. எந்தத் தயாரிப்பும் இல்லை, மாத்திரை எதையும் மாற்றவில்லை, பத்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது, அதனால் நாள் தள்ளியதைக் கவனிக்கவே இல்லை. கிட்னி கெட்டால் பிள்ளை உண்டாகாது என்று யாரோ சொன்னதை நம்பி கருத்தடை எதுவும் எடுக்காமல் இருந்தேன். 24வது வாரம் தலைவலி, கண்ணுக்கு முன் மின்னல் மாதிரி புள்ளிகள், வலது பக்க மேல் வயிற்றில் வலி. பிரீஎக்லாம்ப்சியா முற்றியிருந்தது. மகன் பிறந்து ஆறு மணி நேரம் இருந்தான். எட்டு மாதத்தில் நான் டயாலிசிஸுக்கு வந்துவிட்டேன்.

பனித்துளி, உங்களைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறீர்கள், எனக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. கிட்னி நோய் இருந்து, இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்று இருப்பவர்கள் யாராவது படித்தால், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் கருத்தடை பற்றி நீங்களே கேளுங்கள். பிரஷரும் புரோட்டீனும் இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ஒத்துவராது, காப்பர் டி மாதிரி வேறு வழிகள் இருக்கின்றன. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முல்லை:

வானம், எழுதியதற்கு நன்றி. உங்கள் மகனை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம்_கிட்னி:

வானம் சகோதரி, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், பனித்துளிக்கும் பயன்படலாம். டயாலிசிஸில் மூன்று வருடம் இருந்தேன், பிறகு என் அம்மா கொடுத்த கிட்னி. மாற்று அறுவை முடிந்து இரண்டு வருடம் கழித்துக் கருத்தரித்தேன். குறைந்தது ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும், உடல் புதுக் கிட்னியை நிராகரிக்காமல் கிரியேட்டினின் நிலையாக நிற்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் நிபந்தனை.

அந்த நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரை கருவுக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கும், குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். எனக்கு அதே வேலையைச் செய்யும் அசாதயோப்ரினுக்கு மாற்றி மூன்று மாதம் கிட்னி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பச்சைக்கொடி காட்டினார்கள். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் தொடர்ந்தது, ஆனால் கர்ப்பத்தில் ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து டோஸைக் கூட்டினார்கள். 36வது வாரம் சுகப்பிரசவம். மாற்றுக் கிட்னி அடிவயிற்றில் இருப்பதால் சிசேரியன்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

இது ஏதோ புதிதாக வந்த துணிச்சலும் இல்லை. மாற்றுக் கிட்னியோடு முதல் பிள்ளையைப் பெற்றவர் அமெரிக்காவின் ஈடித் ஹெல்ம், 1958ல். 1956ல் அவருடைய இரட்டைச் சகோதரி கொடுத்த கிட்னி அது. பயம் வரும்போதெல்லாம் நான் அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ரூபெல்லா தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, அறுவைக்குப் பிறகு போட முடியாது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பனித்துளி:

எல்லாருக்கும் நன்றி. வானம், உங்கள் பதிவை என் கணவரிடம் படித்துக் காட்டினேன், இருவரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

இன்னும் சில சந்தேகம். இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் நல்லதா, கெட்டதா? ஒருவேளை கர்ப்பத்தின்போதே டயாலிசிஸ் வரை போய்விட்டால் பிள்ளையின் கதி என்ன? புரோட்டீன் ஏறினால் அது நோயால் ஏறுகிறதா, பிரீஎக்லாம்ப்சியாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பால் கொடுக்க முடியுமா?

இரவுப்பணி:

நல்ல கேள்விகள், இதையே அப்படியே டாக்டரிடமும் கேளுங்கள்.

தள்ளிப்போடுவது யாருக்கு நல்லது என்றால், நோய் கொதித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உறுப்புகளைத் தாக்கும் நோய்) காரணமாக வந்த கிட்னி நோய் என்றால் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும் என்பார்கள். உங்களுக்கு இரண்டு வருடமாக நிலையாக இருக்கிறது. இந்த நோயில் கிட்னியின் திறன் காலப்போக்கில் இறங்கத்தான் வாய்ப்பு, வயதும் ஏறும். காரணமில்லாமல் காத்திருப்பதில் லாபம் இல்லை என்றுதான் நான் பார்த்த டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். மாத்திரை மாற்ற, பிரஷரை 135/85க்குள் நிறுத்த, ஃபோலிக் அமிலம் ஆரம்பிக்க, ரத்தசோகையைச் சரிசெய்ய வேண்டிய அந்தச் சில மாதத்தை வெறும் காத்திருப்பு என்று நினைக்காதீர்கள், கர்ப்பத்தின் முதல் பாகமே அதுதான்.

கர்ப்பத்தின் நடுவில் டயாலிசிஸ் என்பது உங்கள் எண்களுக்கு அரிது. வந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. டயாலிசிஸில் இருந்த பெண் உயிருள்ள குழந்தையைப் பெற்றது முதலில் 1971ல் பதிவானது. இப்போது மணிக்கணக்கைக் கூட்டிக் கூட்டிச் செய்கிறார்கள். கனடாவில் வாரத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் டயாலிசிஸ் செய்தவர்களில் 85 சதவீதம் பேருக்கு உயிருள்ள குழந்தை, 20 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ செய்தவர்களில் 48 சதவீதம். 2014ல் வந்த ஆய்வு அது. எங்கள் வார்டில் ஒரு பெண் வாரத்தில் ஆறு நாள் வந்தார், நாங்கள் எல்லாரும் முறைபோட்டு ராத்திரி ஷிஃப்ட் எடுத்தோம். பெண் குழந்தை. அந்தக் குழந்தை முதல்முறையாக வார்டுக்கு வந்த அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை.

பிரீஎக்லாம்ப்சியாவைப் பிரித்துப் பார்ப்பது உண்மையிலேயே கஷ்டம், ஏனென்றால் பிரஷரும் புரோட்டீனும் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கின்றன. அதற்குத்தான் கர்ப்பத்துக்கு முன்பும் ஆரம்பத்திலும் எல்லா அளவையும் எடுத்து வைக்கச் சொல்வது. 20 வாரத்துக்குப் பிறகு திடீரென்று தாவினால் சந்தேகம் வரும். கல்லீரல் அளவு, பிளேட்லெட், பிள்ளையின் வளர்ச்சி ஸ்கேன் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனையும் இருக்கிறது, அது ரொம்பக் குறைந்திருந்தால் நஞ்சுக்கொடியில்தான் கோளாறு என்ற பக்கம் சாயும். உங்கள் மருத்துவமனையில் அது உண்டா என்று கேட்டு வையுங்கள்.

பால் தாராளமாகக் கொடுக்கலாம். எனாலப்ரில், லேபட்டலால், நிஃபெடிபின் எல்லாம் அப்போது ஒத்துவரும். பிரசவத்துக்குப் பிறகு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி கிட்னிக்கு ஆகாத மாத்திரை எழுதிக் கொடுத்தால் மட்டும் "எனக்குக் கிட்னி நோய் இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். பிரசவ வார்டில் அந்த மாத்திரை பழக்கத்தில் எழுதப்படுவது.

வானம்:

பனித்துளி, ஒன்றே ஒன்று. ஆரம்பத்திலேயே பிரஷர் மெஷின் வாங்கி, டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய் அவருடைய மெஷினோடு வைத்து ஒத்துப்பாருங்கள். என்னிடம் இருந்தது இருபது புள்ளி குறைத்துக் காட்டியிருக்கிறது, அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பனித்துளி:

வாங்கியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை எடுத்துப் போகிறேன். நெஃப்ராலஜிஸ்ட்டையும் மகப்பேறு மருத்துவரையும் ஒரே நாளில் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்களா என்பதுதான் என் முதல் கேள்வி, இரண்டாவது ஆஸ்பிரின் தேதி. நீங்கள் எல்லாரும் எழுதியதை ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போகிறேன். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.